துரை வண்டியில் ஐந்நூறு மைல்

அன்று காலை பட்டறை வாசலில் நின்றவர்கள் இவர்கள். கணக்கு எழுதும் கிராணியார் கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர், கையில் நோட்டுப் புத்தகம். எஞ்சின் பிரித்துப் பூட்டும் பிட்டர் அந்தோணி, வாயில் சுருட்டு. பெயிண்டர் வீராசாமி. காவல்கார வங்காளி, வேலை முடிந்தும் போகாமல் நின்றார். என் மனைவி பாக்கியம். அவள் இடுப்பில் எங்கள் மகள். கடைசியாக நான், மாரிமுத்து, நானும் பிட்டர்தான்.

நடுவில் எங்கள் வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் சைக்கிள் நின்றது.

ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. பட்டறை இருந்த பிரிக்பீல்ட்ஸில் வாரம் ஒரு தமிழ்க் குடும்பமாவது பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறியது. எங்கள் பட்டறையில் ஊருக்கு அனுப்ப ஒன்பது பேர் என்று பட்டியல் வந்தது. கிராணியார் அதை வாசித்துக் காட்டினார். அந்தோணி மூன்றாவது. நான் ஐந்தாவது. வீராசாமி ஏழாவது. மோட்டார் வராத ஊர் என் ஊர். அங்கே பிட்டருக்கு என்ன வேலை?

துரை சிங்கப்பூருக்குப் போகும் முன் என்னைக் கூப்பிட்டார். அவர் வண்டிக்குப் புதுப் பிஸ்டன் போட்டவன் நான். "ஐந்நூறு மைல் ஓட்டு. மணிக்கு இருபத்தைந்து மைலுக்கு மேல் போகாதே. பாதி சமதரை, பாதி மலை. வண்டியை விட்டு விலகாதே. ஆறாம் நாள் வந்து நான் ஓட்டிப் பார்ப்பேன். நன்றாக இருந்தால் உன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க யோசிக்கிறேன்" என்றார். கிராணியார் தமிழில் சொன்னார்.

புதுப் பிஸ்டனை மெல்லப் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் சூடேறி சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ஓடுகிற சக்கரம் அப்படியே நிற்கும். போன வருஷம் ஒரு தோட்டத்துச் சின்ன துரை கோம்பாக் மலை வளைவில் அப்படித்தான் செத்தார். அந்த வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது. பிரித்தவன் நான். பிஸ்டனைச் சுத்தியலால் அடித்துத்தான் எடுத்தேன்.

அதனால் எனக்குப் பயம். வண்டிகளை நிறையப் பிரித்திருக்கிறேன். தெருவைத் தாண்டி ஓட்டியதில்லை.

"எதுக்குடா காட்டுக்குப் போற?" என்றான் அந்தோணி. "பின் சக்கரத்த ஸ்டாண்டுல தூக்கி வை. இங்கயே ஐந்நூறு மைல் ஓடட்டும். நான் பாத்துக்கறேன்."

"மீட்டர் முன் சக்கரத்துல இருக்கு" என்றேன்.

"அப்ப வீராசாமிய விட்டுக் கையால சுத்தச் சொல்லு. அவனுக்கு இப்ப வேற என்ன வேலை?"

வீராசாமி சிரித்தான். கிராணியார் சிரிக்கவில்லை. "என்ன காணும், கால் நடுங்குதோ?" என்றார். நடுங்கியது. இல்லை என்றேன்.

பாக்கியம் சந்தனம் குழைத்து வந்திருந்தாள். வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். பெட்ரோல் டாங்கியின் மூடி வட்டமாக, பித்தளையில், ஓட்டுகிறவன் முகத்துக்கு நேரே இருந்தது. "இதுதான் நெத்தி மாதிரி இருக்கு" என்று அதில் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்தாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பிறகு ஒரு சந்தன வில்லையைத் துணியில் முடிந்து தந்தாள். "தெனம் காலையில வைங்க. மறந்துடாதீங்க."

மீட்டரில் சுழியம். கூடாரத்துக்குக் கித்தான், கயிறு, சட்டி, அரிசி, கருவாடு, ஸ்பேனர் போட்ட ஆயுதப் பை. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறினேன்.

முதல் நாள் கிள்ளான் ரோடு. இரண்டு பக்கமும் ரப்பர் மரம். ஊர்ப் பக்கம் ரோடு கோடு போட்ட மாதிரி நேராகப் போகும், வெயில் மண்டையைப் பிளக்கும். இங்கே நிழல் உண்டு. ஆனால் பத்துக் கஜத்துக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது. எருமை வந்தது. சைக்கிளில் பன்றி கட்டிக்கொண்டு ஒரு சீனர் வந்தார். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி இறங்கி நின்றேன்.

ஒரு தோட்டத்து வாசலில் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். "துரை வராரு, துரை வராரு!" கிட்டே வந்ததும் ஒருவன் கத்தினான். "டேய், இது நம்ம துரைடா! கருப்பு துரை!" எல்லோரும் சலாம் போட்டார்கள். நானும் போட்டேன். கையை எடுத்ததில் வண்டி பள்ளத்துக்குப் போகப் பார்த்தது.

பத்து தீகா என்ற ஊரைத் தாண்டி வண்டி நின்றது. இருமவில்லை, சத்தம் இல்லை. அணைந்துவிட்டது.

 பிஸ்டன் கவ்வவில்லை, சக்கரம் சுழன்றது. டாங்கி மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தேன். முக்கால் டாங்கி பெட்ரோல். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். மாட்டி உதைத்தேன். ஓடியது. சூடுதான் காரணம், ஆறியதும் ஓடுகிறது என்று நினைத்தேன். சூடேறினால் பிஸ்டன் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். இறுக்கமாக இருந்தால் அது என் வேலையின் குறை.

கித்தான் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டேன். துரை கேட்டால் சொல்லக் கணக்கு வேண்டும்.

கிள்ளானில் பாசார்ச் சந்தைக்குப் பக்கத்தில் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டேன். வண்டியை விட்டு விலகக் கூடாது என்பதால் இலையை வாசலுக்கு எடுத்து வந்து நின்றபடி சாப்பிட்டேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏண்ணே, அதுக்கும் ஒரு எலை போடட்டுமா?"

கடலோரம் ஒரு தென்னந்தோப்பில் கித்தானைக் கட்டினேன். வண்டிக்கும் எனக்கும் ஒரே கூரை. இருட்டும் முன் துறைமுகத்தில் கப்பல் ஊதியது. நீளமாக, மூன்று தடவை. ஊருக்குப் போகிற கப்பல். நண்டுகள் காலில் ஏறின. அதற்குப் பயப்படவில்லை. கப்பல் ஊதியதற்குப் பயந்தேன்.

அன்று இரண்டு முடிச்சு. தொண்ணூற்றிரண்டு மைல்.

இரண்டாம் நாள் எழுந்ததும் சந்தனம் உரைத்தேன். பழைய பொட்டின் மேல் புதுப் பொட்டு. நேற்று இரண்டு தடவை நின்றதால் இன்று கொஞ்சம் கூடவே அப்பினேன்.

கோலா சிலாங்கூர் வரை போய்த் திரும்பினேன். சமதரை. வழியில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்துக் கும்பலாக உட்கார்ந்திருந்தவர்களிடம் தண்ணீர் கேட்டேன். ஒரு பெண் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

"அண்ணே, வண்டில என்ன கொண்டு போறீங்க?"

"ஒன்னுமில்லம்மா."

"யாரையாச்சும் பாக்கப் போறீங்களா?"

"இல்ல."

"அப்ப எதுக்குப் போறீங்க?"

"மைலுக்கு."

அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். "பாவம், யாரோ பெத்த புள்ள" என்றாள். இன்னொரு கோப்பை ஊற்றினாள். அவர்கள் தோட்டத்திலும் ஆள் குறைக்கிறார்களாம். நாற்பது பேர் போயாச்சு என்றாள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துக் கிளம்பினேன்.

வண்டி இரண்டு தடவை நின்றது. முதல் தடவை மேக்னெட்டோவைச் சுத்தம் செய்தேன், ஓடியது. இரண்டாம் தடவை கார்பரேட்டரைக் கழற்றி ஊதினேன், ஓடியது. எது நோய், எது மருந்து என்று புரியவில்லை. பத்து வருஷம் இந்த வேலை செய்தவனுக்குப் புரியவில்லை.

நான்கு முடிச்சு. இருநூற்று ஐந்து மைல்.

மூன்றாம் நாள் மலை. அம்பாங்கில் ஈயம் தோண்டும் லம்பங்களைத் தாண்டி உலு லங்காட் பக்கம் ரோடு ஏறியது. இடம், வலம், இடம். ஒரு வளைவு முடியும் முன் அடுத்தது தொடங்கும். ஒரு பக்கம் மலை. ஒரு பக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத பக்கத்தைப் பார்க்காமல் ஓட்டினேன். எதிரே லோரி வந்தால் பார்க்க வேண்டி வந்தது.

மூன்று தடவை நின்றது. மலையில் நிற்கும்போது கல்லைத் தேடிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு கையில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு காலால் கல்லை இழுக்கப் பழகினேன்.

சாயங்காலம் கம்பம் என்கிற மலாய்க் கிராமம் ஒன்றின் ஓரத்தில் பெரிய மரத்தடியில் கித்தானைக் கட்டினேன். தரை சுத்தமாகப் பெருக்கி இருந்தது. நல்ல இடம் என்று நினைத்தேன். பக்கத்துக் குடிசையிலிருந்து ஒரு மலாய்க்காரர் ஓடி வந்தார். எனக்குத் தெரிந்த மலாயில் அவர் சொன்னது இது.

"மேலே பார்."

பார்த்தேன். டுரியான் பழங்கள். ஒவ்வொன்றும் மகள் தலை அளவு, முள்ளோடு.

"இது பழம் விழுகிற மாதம். தலையில் விழுந்தால் உன்னை இங்கேயே புதைப்பேன். அதுகூடப் பரவாயில்லை. பழம் தின்ன தாத்தா வருவார்."

"யாருடைய தாத்தா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "கோடு போட்ட தாத்தா. காட்டில் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. டுரியான் என்றால் அவருக்கு உயிர்."

கித்தானைப் பிடுங்கிய வேகத்தில் ஒரு முளை மண்ணிலேயே தங்கிவிட்டது. அவர் குடிசைக்கு முன்னால் கட்டினேன். மரவள்ளி அவித்துத் தேங்காய்ப் பூவோடு தந்தார். நான் கருவாடு தந்தேன். இரவு முழுக்க மரத்தடியில் தொப் தொப் என்று விழுந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தேன். எதற்கு என்று தெரியவில்லை. காலையில் மரத்தடியில் ஒரு பழம் பிளந்து கிடந்தது. சுளை இல்லை. பக்கத்தில் ஈர மண்ணில் என் உள்ளங்கையைவிடப் பெரிய தடம்.

"பார்த்தாயா? உன் வண்டி அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் சீக்கிரம் போய்விட்டார்" என்று சிரித்தார் மலாய்க்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்து சந்தனம் உரைத்தேன். வில்லையில் பாதி தீரும் வரை உரைத்தேன். மூடி முழுவதும் அப்பினேன்.

ஏழு முடிச்சு. முந்நூறு மைல்.

நான்காம் நாள் கோம்பாக் மலை.

அடிவாரத்துச் சீனர் கடையில் டாங்கியை நிரப்பினேன். கோப்பியும் ரொட்டியும் சாப்பிட்டேன். கடை முதலாளியான தவுக்கே மலையைக் காட்டி, "மூடுபனி. நாளைக்குப் போ" என்றார். நாளைக்குப் போனால் ஐந்நூறு முடியாது. துரை வந்துவிடுவார். போனேன்.

பனி ரோட்டில் படுத்திருந்தது. மைல் கல் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. சட்டை நனைந்தது. முன்னால் ஒரு வளைவு, அதற்குள் இன்னொரு வளைவு. ஹாரனை அழுத்திக்கொண்டே போனேன். மூன்று தடவை நின்றது. மூன்று தடவையும் மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்து, ஏதோ ஒன்றைத் துடைத்து, உதைத்து, ஏறினேன். பத்து முடிச்சு.

சின்ன துரை செத்த வளைவு எது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் அதுவாகவே இருந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இடப்பக்கம் திரும்பும் செங்குத்தான வளைவில், வண்டி பதினொன்றாம் தடவை அணைந்தது. காலை ஊன்றினேன். பாசி. கால் வழுக்கியது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. முன்னால் போகிற வண்டியை நிறுத்தும் பிரேக், பின்னால் போகும்போது அவ்வளவாகப் பிடிக்காது. இது எனக்குத் தெரியும். பிடித்துப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.

பின் சக்கரம் விளிம்பைத் தாண்டியது. நான் வண்டியோடு பக்கவாட்டில் விழுந்தேன். மிதிகட்டை மண்ணில் குத்தி நின்றது. சக்கரம் அந்தரத்தில் சுற்றியது. கீழே தண்ணீர்ச் சத்தம். எவ்வளவு கீழே என்று பனி காட்டவில்லை.

விட்டால் நான் பிழைப்பேன். வண்டி போனால் கப்பல்தான். விடவில்லை. படுத்தபடியே கித்தான் கயிற்றை உருவி, ஒரு முனையைக் கைப்பிடித் தண்டில் கட்டி, மறுமுனையை ஒரு மரவேரில் சுற்றினேன். வேர் வழுக்கியது. முடிச்சுகள் ஒவ்வொன்றாக வேரில் மாட்டி நின்றன.

பாக்கியத்தை நினைத்தேனா, சாமியை நினைத்தேனா என்று பிறகு கேட்டார்கள். எதையும் நினைக்கவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து ஒரு லோரி இறங்கி வந்தது. பலகை ஏற்றிய லோரி. சீன டிரைவர் தலையை நீட்டினார். பாசார் மலாயில் கேட்டார்.

"என்ன தம்பி, மோட்டார் சைக்கிளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறாயா?"

 அவர் இறங்கி வந்து விளிம்பைப் பார்த்தார். சிரிப்பதை நிறுத்தினார். லோரிச் சங்கிலியை மாட்டி இழுத்தோம். வண்டி மேலே வந்தது. மிதிகட்டை வளைந்திருந்தது, வேறு காயம் இல்லை. அவர் ஒரு சிகரெட் தந்தார். நான் புகைப்பதில்லை. வாங்கிப் புகைத்தேன்.

"திரும்பிப் போ" என்றார். "எஞ்சின் கெட்ட வண்டியோடு மலையில் இருக்காதே." லோரி போய்விட்டது.

உதைத்தேன். ஓடவில்லை. மறுபடி உதைத்தேன். ஓடவில்லை.

சிலிண்டரில் கையை வைத்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை ஆறியதும் ஓடியது. இப்போது நன்றாக ஆறியும் ஓடவில்லை. அப்படியானால் சூடு காரணம் இல்லை. பிஸ்டன் காரணம் இல்லை.

ரோட்டில் உட்கார்ந்தேன். பத்துத் தடவையும் செய்த எதை இந்தத் தடவை செய்யவில்லை என்று யோசித்தேன். பிளக், மேக்னெட்டோ, கார்பரேட்டர் ஒவ்வொரு தடவையும் மாறியது. ஒன்று மட்டும் மாறவில்லை. டாங்கி மூடியை எல்லாத் தடவையும் திறந்தேன். இன்று அடிவாரத்தில் நிரப்பி, மூன்று தடவை பார்த்தும் விட்டதால், பெட்ரோல் இருக்கும் என்று இந்தத் தடவை திறக்கவில்லை.

எழுந்து மூடியைத் திருகினேன். உஸ் என்று காற்று உள்ளே இழுத்தது. அந்தச் சத்தம் முன்பும் கேட்டிருக்கும். அப்போது என் காது சிலிண்டரில் இருந்தது. இப்போது காடு அமைதியாக இருந்தது.

டாங்கி மூடியில் ஊசி நுழையும் அளவு ஓர் ஓட்டை இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியே காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது, எஞ்சின் அணையும். இது எனக்குத் தெரியும். பல வண்டிகளுக்கு நானே குத்தி விட்டிருக்கிறேன்.

மூடியைக் கையில் வைத்துப் பார்த்தேன். சந்தனம், குங்குமம், அதன் மேல் சந்தனம், அதன் மேல் சந்தனம். வெயிலில் காய்ந்து காரை மாதிரி இறுகியிருந்தது. பாக்கியம் வைத்தது அடியில் ஒரு மெல்லிய வட்டம். மேலே இருந்ததெல்லாம் நான் அப்பியது. பயந்த அளவுக்கு அப்பியிருந்தேன்.

நகத்தால் சுரண்டினேன். கம்பியால் குத்தினேன். வெளிச்சத்தில் பிடித்தேன். ஓட்டை தெரிந்தது. மூடியை மாட்டி ஒரே உதை. ஓடியது.

பொட்டை முழுவதும் எடுக்க மனசு வரவில்லை. மிச்சத்தை முன் விளக்கின் நெற்றியில் வைத்தேன்.

பதினோராம் முடிச்சைக் கயிற்றில் போட்டேன். முந்நூற்று எண்பத்தெட்டு மைல்.

ஐந்தாம் நாள் வண்டி நிற்கவில்லை. மலை இறங்கும்போதும், மறுபடி ஏறும்போதும் நிற்கவில்லை. பயம் போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. வளைவுகள் அப்படியேதான் இருந்தன. வாழை இலையில் கட்டிய தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியும் ஓரிடத்தில் வாங்கித் தின்றேன். ருசி தெரிந்தது அன்றுதான்.

பிரிக்பீல்ட்ஸ் வந்தபோது மீட்டர் ஐந்நூற்று மூன்று. பாக்கியம் ஓடி வந்தாள். என்னைப் பார்க்கும் முன் மூடியைப் பார்த்தாள். "பொட்டு எங்க?" என்றாள். விளக்கைக் காட்டினேன்.

மறுநாள் துரை வந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் வாசலில் நின்றோம். அந்தோணி என் பக்கத்தில் வந்தான். எல்லாக் கதையும் அவனுக்குச் சொல்லியிருந்தேன்.

"எத்தன தடவ நின்னுச்சுன்னு கேப்பாரு. ஒரு தடவகூட இல்லன்னு சொல்லு."

நான் கித்தான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"பதினொன்னுன்னு சொல்லிப் பாரு, ஓன் வேலதான் கோளாறுன்னு எழுதிடுவாரு. சந்தனம்னா நம்புவாரா? நானா இருந்தா வாயவே தெறக்க மாட்டேன்டா." அவன் பெயர் மூன்றாவது. இருந்தும் எனக்காகச் சொன்னான்.

துரை திரும்பி வந்தார். புறங்கையைச் சிலிண்டரில் வைத்துப் பார்த்தார். வளைந்த மிதிகட்டையைப் பார்த்தார். கிராணியாரிடம் ஏதோ சொன்னார்.

"துரை கேக்கிறார், வழியிலே எத்தினை தரம் நிண்டதெண்டு" என்றார் கிராணியார். "யோசிச்சுச் சொல்லும்."

கித்தான் கயிற்றை எடுத்து நீட்டினேன். "பதினொன்னு."

அந்தோணி தலையைத் திருப்பிக்கொண்டான்.

ஏன் என்று துரை கேட்டார். மூடியைத் திருகி, ஓட்டையையும் ஓரத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தையும் காட்டினேன். யார் வைத்தது என்றார். நான் என்றேன். அவர் கயிற்றை வாங்கி ஒவ்வொரு முடிச்சாக விரலால் எண்ணினார். மூடியை உதட்டில் வைத்து ஊதினார். காற்று போயிற்று. கிராணியாரிடம் நாலைந்து வார்த்தை பேசிவிட்டு உள்ளே போனார்.

கிராணியார் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். ரூல்தடியை வைத்து ஐந்தாவது வரியில் ஒரு கோடு இழுத்தார். அந்தோணியின் வரி அப்படியே இருந்தது. வீராசாமியின் வரியும் இருந்தது. மேலிருந்து கீழே விரலை ஓட்டி, சத்தமாக எண்ணி, அடியில் எழுதினார்.

எட்டு.